மாமாவும் முப்பது பொம்மைகளும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஆணி ஜாஸ்திங்கிற ஒரே சாக்கைச் சொல்லித் தள்ளிக்கிட்டே வந்த விஷயம் இது. போன வாரம் மாமா போன் பண்ணி, "பனைமரம் பத்தலைடா மாப்ள"ன்னு சொன்னதும், சரி இனியும் தள்ளக் கூடாதுன்னு உட்கார்ந்துட்டேன்.

முதல்ல என் வியாதியைச் சொல்லிடறேன். பகல்ல பெங்களூர் கம்பெனி ஒண்ணுக்கு சின்னமனூர் வீட்டு மாடியில இருந்தே பொட்டி தட்டுறேன். ராத்திரியானா அதே மாடியில பொம்மை வச்சு யுத்தம் பண்றேன். கம்ப்யூட்டர் கேம்ஸ் இல்லீங்க. நிஜ மேஜை, நிஜ பொம்மை, நிஜ பகடை. கட்டைவிரல் நகம் உசரத்துக்கு சிப்பாய்ங்க, அவங்களுக்கு வீடு, வேலி, ரோடு எல்லாம் செஞ்சு வச்சு, ரெண்டு பேர் எதிரும் புதிருமா நின்னு டேப் பிடிச்சு அளந்து நகர்த்தி, பகடை உருட்டி சண்டை போடுறது. எங்கம்மா இதை ஒரே வரியில சொல்லிடுவாங்க: "இருவத்தெட்டு வயசுல பொம்மை வச்சு வெளையாடுறான், இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

வேட்டைக்காரன் கதை சொல்ற மாதிரி நானும் எல்லார்கிட்டயும் வரலாறு சொல்லிப் பார்ப்பேன். 1824-லேயே பிரஷ்ய ராணுவத்துல ரைஸ்விட்ஸ்னு ஒரு அதிகாரி இந்த மாதிரி விளையாட்டை ஆபீசர்களுக்குப் பயிற்சியாக் கொண்டு வந்தார். 1913-ல எச்.ஜி.வெல்ஸ், அதான் டைம் மெஷின் எழுதின அதே ஆள்தான், 'லிட்டில் வார்ஸ்'னு விதிமுறைப் புத்தகமே போட்டார். வெல்ஸுக்கு யுத்தம்னாலே ஆகாது. பொம்மை யுத்தத்தோட நிறுத்திக்கிட்டா உலகத்துக்கு நல்லதுங்கிறது அவர் கட்சி. அடுத்த வருஷமே முதல் உலகப் போர் வந்துடுச்சு. அம்மாகிட்ட இதையெல்லாம் சொன்னா, "அந்தாளுக்குக் கல்யாணம் ஆயிருச்சா இல்லியா"ன்னு கேக்குறாங்க. (ஆயிருச்சு. ரெண்டு தடவை. அதைச் சொல்லல.)

நமக்கும் இது புதுசு கிடையாது. எங்க ஊர்ப் பக்கம் கோயில் திண்ணைக் கல்லுல ஆடுபுலி ஆட்டம் கோடு கீறி வச்சிருக்கறதைப் பார்த்திருப்பீங்க. மூணு புலி, பதினஞ்சு ஆடு. புலி தாண்டிக் குதிச்சு ஆட்டை வெட்டும். ஆடு வெட்ட முடியாது, மறிக்க மட்டும்தான் முடியும். ரெண்டு பக்கமும் சமமே இல்லை, ஆனா ஆட்டம் சமமா இருக்கும். நவீன காலாட்படைச் சண்டையை மேஜையில கொண்டு வர்றவங்க இன்னிக்கும் மண்டையைப் பிச்சுக்கறது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

நான் விளையாடுறது 'ஃபோர்ஸ் ஆன் ஃபோர்ஸ்'ங்கிற விதிமுறை. 2011-ல ஆஸ்ப்ரே வெளியிட்டது. சிப்பாயோட தரத்துக்கு ஏத்த மாதிரி பகடை மாறும். பயிற்சி இல்லாதவனுக்கு ஆறு முகப் பகடை, சாதாரண ராணுவத்துக்கு எட்டு, அனுபவசாலிக்குப் பத்து, கமாண்டோவுக்குப் பன்னிரண்டு. எல்லாருக்கும் நாலோ அதுக்கு மேலயோ விழுந்தா வெற்றி. அதாவது கத்துக்குட்டிக்கு 50 சதவீதம், எட்டுக்காரனுக்கு 62.5, பத்துக்கு 70, பன்னிரண்டுக்கு 75. இஞ்சினியரிங் படிச்சதுக்கு இந்தக் கணக்காவது உபயோகமாச்சே :-)

இதுல எனக்குப் பிடிச்சதே, அடிபட்ட பொம்மையை உடனே மேஜையை விட்டுத் தூக்க மாட்டாங்க. படுக்க வைக்கணும். அவன் செத்தானா, சின்னக் காயமான்னு யாருக்கும் தெரியாது. கூட்டாளி ஒருத்தன் பக்கத்துல போய்ப் பார்த்து, பகடை உருட்டினாத்தான் தெரியும். காயம் பட்டவனைத் தூக்கிக்கிட்டுப் போற குழு மெதுவாத்தான் நகர முடியும். விட்டுட்டுப் போனா மார்க் குறையும். இது பின்னாடி வருது, ஞாபகம் வச்சுக்கோங்க.

பொம்மைக்கு வருவோம். வெளிநாட்டுல இருந்து ஈய பொம்மை வரவழைச்சா, பொம்மை விலையை விட தபால் செலவும் சுங்கவரியும் அதிகம். அதனால முதல் போனஸ்ல ரெசின் பிரிண்டர் ஒண்ணு வாங்கிட்டேன். அந்த நாத்தத்துக்கு அம்மா அதை மாடிக்கு நாடு கடத்திட்டாங்க. எட்டு மணி நேரம் ஓடுற பிரிண்ட்ல ஏழாவது மணி நேரம் கரண்ட் போகும். தேனி மாவட்டம் பூரா காத்தாடி சுத்துது, என் சிப்பாய்க்கு மட்டும் தலை முளைக்க மாட்டேங்குது. மத்ததெல்லாம் உள்ளூர்ச் சரக்கு. முல்லையாத்து மணலைச் சலிச்சு ரோடு. மர இழைப்புத் தூளுக்குப் பச்சைச் சாயம் போட்டா புல்லு. தேங்கா நாரைப் பிரிச்சா புதரு. விளக்குமாத்து ஈர்க்குச்சியில பனைமரம்.

பனைமரம் எதுக்குன்னா, இங்கதான் கதை ஆரம்பம்.

இந்த விளையாட்டு ஆடுற உலகம் பூரா நார்மண்டி, வியட்நாம், ஈராக், ஆப்கானிஸ்தான்தான். நானும் கோம்பைக்கார நண்பனும் ரெண்டு வருஷம் ஹெல்மண்ட் மாகாணத்துல சண்டை போட்டோம். எங்களுக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்? நம்ம சண்டை ஏதாவது பண்ணுவோம்டான்னு ஆரம்பிச்சோம். 1962 ரெசாங் லா, 1999 தோலோலிங் எல்லாம் யோசிச்சோம். மலை செய்யற தெர்மாகோல் செலவைப் பார்த்துப் பின்வாங்கினோம். அப்புறம்தான் யாழ்ப்பாணம்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம். அமைதிப்படை போச்சு. அக்டோபர்ல அந்த அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டையே ஆரம்பமாயிடுச்சு. அக்டோபர் 11 ராத்திரி, புலிகளோட தலைமையைப் பிடிக்கணும்னு யாழ்ப்பாணம் பல்கலைக்கழக மைதானத்துல ஹெலிகாப்டர்ல ஆள் இறக்கினாங்க. பாரா கமாண்டோ நூறு பேர் அளவுக்கு. அவங்க பின்னாடி 13-வது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியில இருந்து 360 பேர் வரணும்னு திட்டம். கீழ காத்துக்கிட்டிருந்தாங்க. ரேடியோவை முன்கூட்டியே ஒட்டுக் கேட்டிருந்தாங்கன்னு பின்னாடி தெரிஞ்சது. ஹெலிகாப்டர்கள் குண்டடி பட்டதுல அடுத்த நடைகள் வரவே இல்லை. 360-ல இறங்கினது 30 பேர், மேஜர் பிரேந்திர சிங் தலைமையில. மறுநாள் முற்பகல் வரைக்கும் தோட்டா இருக்கிற வரைக்கும் சண்டை போட்டு 29 பேர் செத்தாங்க. பிடிபட்டு உயிர் தப்பினது ஒரே ஒருத்தர். கமாண்டோக்களை டி-72 டாங்கிகள் ரயில் பாதை வழியா உள்ள போய் மீட்டுக் கொண்டு வந்துச்சு.

விளையாட்டா மட்டும் பார்த்தா (இப்படி எழுதறப்பவே ஒரு மாதிரி இருக்கு) இதை விடக் கச்சிதமான களம் கிடைக்காது. மைதானம், சுத்திக் கட்டடம், சந்து பொந்து, ஒரே ராத்திரி. கணக்குப் போட்டேன். கால்பந்து மைதானம் 100 மீட்டருக்கு 65 மீட்டர்னு வச்சா, நூத்துல ஒரு பங்கு அளவுல ஒரு மீட்டர் நீளம், 65 செ.மீ. அகலம். என் மேஜை ஆறடிக்கு நாலடி. சுத்தி வீடு வைக்க இடம் இருக்கு. எம்ஐ-8 ஹெலிகாப்டர் 18 செ.மீ. வரும். துப்பாக்கி 300 மீட்டர் சுடும்னா மூணு மீட்டர், அதாவது அடுப்படி வரைக்கும் குண்டு போகும். அதனால இந்த விளையாட்டுல தூரம் முக்கியமில்லை, மறைவுதான் முக்கியம். அந்த மைதானத்துல மறைவே இல்லை.

அதான் பிரச்சனை. மூணு ராத்திரி விளையாடினோம். மூணு தடவையும் முப்பது பேரும் காலி. நான் எந்தப் பகடை குடுத்தாலும் காலி. "மாப்ள, ஒரு பக்கம் உக்காந்து சும்மா சாகறதுக்கு எவன்டா வருவான்"னான் நண்பன். சமன் பண்றதுக்காக ஒரு விதி சேர்த்தேன். நாலாவது சுத்துல இருந்து ஆறு முகப் பகடையில அஞ்சோ ஆறோ விழுந்தா இன்னொரு ஹெலிகாப்டர் இறங்கும், கூட பதினஞ்சு பேர். அதுக்கப்புறம் ஆட்டம் பிரமாதமாப் போச்சு. ரெண்டு தடவை நானே ஜெயிச்சேன்.

சித்திரையில வீரபாண்டி திருவிழாவுக்கு மாமா வந்தார்.

மாமா அம்மாவோட கூடப் பிறந்தவர். காமயகவுண்டன்பட்டியில திராட்சைப் பந்தல் போட்டிருக்கார். எங்களுக்கு எப்பவும் 'பட்டாளத்து மாமா'. கறுப்பு ட்ரங்குப் பெட்டி, காலையில நாலரைக்கு ஷேவிங், கேண்டீன் சரக்கு, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிஞ்ச பட்டாளம். எந்த ரெஜிமென்ட், எந்த வருஷம்லாம் எழுத வேணாம்னு சொல்லிட்டார், எழுதல. எங்க பள்ளத்தாக்குல பட்டாளத்தான்னா எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது பென்னிகுயிக். அவரும் ராணுவ இஞ்சினியர்தானே. அணை கட்டினதுக்காக 1895-ல இருந்து இன்னிக்கு வரைக்கும் வீட்டு வீட்டுக்குப் படம் மாட்டியிருக்கோம். மாமா மாதிரி ஆளுங்களை நாங்க ஒண்ணும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. 1990 மார்ச்ல கடைசி அணி மெட்ராஸ் துறைமுகத்துல வந்து இறங்கினப்ப வரவேற்க முதலமைச்சர் போகல. அதுக்கு அவர் தரப்பு நியாயமும் இருந்துச்சு. வந்தவன் பக்கத்து நியாயமும் இருந்துச்சு. எங்க வீட்டுல இதைப் பத்திப் பேச்சே வந்ததில்லை.

மாடிக்கு அவர் சிகரெட் பிடிக்கத்தான் வந்தார். மேஜையைப் பார்த்துட்டு நின்னுட்டார்.

"என்னடா மாப்ள, சாண்ட் மாடலா?"

எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் அவரே சொன்னார். எங்க போறதா இருந்தாலும் முந்தின நாள் தரையில மண்ணைக் குமிச்சு, ஓடைக்கு நீலப் பொடி, ரோட்டுக்கு நூலு, வீட்டுக்குத் தீப்பெட்டின்னு வச்சு, சுத்தி உக்கார வச்சு ஆபீசர் குச்சியால காட்டுவாராம். "இவ்வளவு அழகா இருக்காது. ஆனா இதேதான்."

கேலி பண்ணுவார்னு நினைச்சவர் இப்படிச் சொன்னதுல எனக்குத் தலைகால் புரியல. எல்லாத்தையும் காட்டினேன். குனிஞ்சு கண்ணை மேஜை மட்டத்துக்கு வச்சுப் பார்த்தார்.

"எந்த எடம்?"

பொய் சொல்லியிருக்கலாம். "யாழ்ப்பாணம் மாமா. யுனிவர்சிட்டி கிரவுண்டு."

சிகரெட்டை அணைச்சுட்டார். பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கீழ அம்மா மிக்ஸி போட்ட சத்தம் நிக்கிற வரைக்கும் ஒண்ணும் பேசல.

"நான் அன்னிக்கு இல்ல. ரெண்டு வாரம் கழிச்சுத்தான் பலாலியில எறங்குனேன். வந்தவுடனே இதைத்தான் சொன்னாய்ங்க." மைதானத்துல நின்ன பொம்மைகளை ஒரு விரலால எண்ணினார். "முப்பதும் இருக்கு."

"ஆமா மாமா."

"இதுல யாரு ஜெயிப்பா?"

அப்பத்தான் நான் ரொம்ப உற்சாகமா, சமன் பண்ணது, நாலாவது சுத்து, அஞ்சோ ஆறோ விழுந்தா ஹெலிகாப்டர், எல்லாத்தையும் விளக்கினேன். ரெசின்ல ரெண்டு நாள் பிரிண்ட் போட்ட எம்ஐ-8-ஐத் தூக்கிக் காட்டினேன்.

"வரலையேடா," என்றார்.

"விளையாட்டுக்குத்தான் மாமா. இல்லேன்னா ஒரு பக்கத்துக்கு வாய்ப்பே…"

"வரலையேடா மாப்ள."

ஹெலிகாப்டரை எடுத்து அலமாரியில வச்சேன்.

நான் எதிர்பார்க்காதது அடுத்து நடந்துச்சு. "எனக்கும் சொல்லிக் குடு"ன்னார். முப்பது பேரை அவர் எடுத்துக்கிட்டார். நான் எதிர்ப்பக்கம். விதிமுறையெல்லாம் அரை மணி நேரத்துல பிடிச்சுக்கிட்டார், என் நண்பனுக்கு ரெண்டு வாரம் ஆச்சு. ஆனா அவர் விளையாடின விதம் எந்தப் புத்தகத்துலயும் கிடையாது. முதல் சுத்துல மூணு பேர் விழுந்தாங்க. படுக்க வச்சேன். வழக்கமா எல்லாரும் என்ன செய்வோம்னா, மிச்ச ஆளை வச்சு ஏதாவது ஒரு கட்டடத்தைப் பிடிக்கப் பார்ப்போம். மாமா ரெண்டு பேரை அனுப்பி அந்த மூணு பேரையும் பார்க்க வச்சார். பகடை உருட்டினார். ஒருத்தன் செத்துட்டான், ரெண்டு பேருக்குக் காயம். அவங்களை இழுத்துக்கிட்டு மைதானத்தோரம் சுவருக்குப் போனார். போற வழியில இன்னும் நாலு பேர் விழுந்தாங்க. அவங்களுக்கும் ஆள் அனுப்பினார்.

"மாமா, இப்படி ஆடினா தோத்துருவீங்க. சுடுங்க, மத்தவங்க தலையைத் தூக்க மாட்டாங்க."

"நீ உருட்டு."

ஆட்டம் பூரா அவர் சுட்டது அஞ்சே தடவை. மிச்ச நேரமெல்லாம் ஆள் பொறுக்கிக்கிட்டே இருந்தார். ஏழாவது சுத்துல முடிஞ்சது. சுவரோரமா பதினெட்டு பொம்மை படுத்திருந்துச்சு, வரிசையா, எல்லாத்துக்கும் தலை ஒரே பக்கமா. அவர் அப்படி அடுக்கினதை நான் கவனிக்கவே இல்லை.

நான் எப்படிப் பகடையைப் பெட்டியில போடறதுன்னு தெரியாம நின்னுக்கிட்டிருந்தேன். மாமா மேஜையைச் சுத்தி நடந்தார். மைதானத்துக்கு வெளிய நான் செஞ்சு வச்ச வீடுகள் பக்கம் நின்னார்.

"இதுக்குப் பேரு சந்து இல்லடா. அங்க ஒழுங்கைம்பாக. ரெண்டு பக்கமும் ஓலை வேலி, ஆளு உசரத்துக்கு. அங்கிட்டு என்ன இருக்குன்னே தெரியாது. வீட்டுக்கு வீடு கெணறு." கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆளுகளைக் காணோம்?"

"எந்த ஆளு மாமா?"

"வீட்டுல இருக்க ஆளுக."

விதிமுறையில பொதுமக்களுக்கு இடம் இருக்கு. நான்தான் வைக்கல. பொம்மை இல்லைன்னு ஒரு காரணம். அதை விடப் பெரிய காரணம் எனக்கே தெரியும். அதே அக்டோபர் 21, 22 தேதிகள்ல யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள்ள நம்ம படை சுட்டதுல டாக்டர், நர்ஸ், நோயாளின்னு அறுபதுக்கு மேல செத்திருக்காங்க. இந்தச் சண்டையைப் படிக்க ஆரம்பிச்ச முதல் வாரமே அதையும் படிச்சிருந்தேன். பல்கலைக்கழகத்தை மட்டும் தனியா வெட்டி எடுத்து, ராத்திரி, சிப்பாய் மட்டும், வேற யாரும் இல்லைன்னு வச்சுக்கிட்டது எனக்கு வசதியா இருந்துச்சு.

மாமா அதைப் பத்தியெல்லாம் பேசல. ஒண்ணே ஒண்ணு சொன்னார். சோதனை போடப் போன ஒரு வீட்டுல ஒரு கிழவி இருந்திருக்கு. மத்தவங்க எல்லாம் இந்திக்காரங்க. இவர் முகத்தைப் பார்த்தே அந்தம்மா கண்டுபிடிச்சிருக்கு. பக்கத்துல வந்து, "தம்பி, நீங்கள் தமிழ்தானே, எந்த ஊர்?"னு கேட்டிருக்கு.

"கம்பம்னு சொல்ல வாய் வரலடா. 'மாலும் நஹி'ன்னுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். கீழ போய் சாப்பிட்டார். அம்மாகிட்ட குழம்புல புளி ஜாஸ்தின்னு சண்டை பிடிச்சார். சாயங்காலம் கே.கே.பட்டி பஸ் ஏறிட்டார்.

நண்பன்கிட்ட சொன்னேன். "அந்த மேஜையைக் கலைச்சுடு மாப்ள, செத்தவங்க வீட்டு ஆளுக இன்னும் உசிரோட இருக்காக, இது வெளையாட்டா"ன்னான். அவன் சொல்றதுல தப்பில்லை. ஆனா ரெண்டு வருஷம் ஹெல்மண்ட்ல தினமும் சுட்டுக்கிட்டிருந்தோமே, அங்கயும் வீடு இருந்துச்சு, வேலி இருந்துச்சு. அந்த வீட்டுக்குள்ள யாருன்னு ஒரு நாளும் எங்க ரெண்டு பேருக்கும் தோணலையே. அங்கயும் யாராவது ஒரு கிழவி கேட்டிருக்கும், பஷ்தூவுல. எனக்கு அதுதான் உறுத்துது. இதைக் கலைச்சுட்டு மறுபடி ஹெல்மண்ட் போறது எப்படி சரியாகும்னு கேட்டேன். அவன்கிட்ட பதில் இல்லை. என்கிட்டயும் இல்லை. கொஞ்ச நாளைக்குச் சதுரங்கம் ஆடலாம்னு முடிவு பண்ணினோம், அதுல அவன் என்னை மூணே ஆட்டத்துல கேவலப்படுத்திட்டான், அது தனிக் கதை.

மேஜை அப்படியே கிடந்துச்சு, மேல ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி வச்சிருந்தேன்.

ஒரு மாசம் கழிச்சு பஸ் கண்டக்டர்கிட்ட மாமா ஒரு அட்டைப் பெட்டி குடுத்து விட்டார். உள்ள துணியில சுத்தி வேலி. காஞ்ச தென்னை ஓலையை நூல் மாதிரி கிழிச்சு, நிஜக் கிடுகு பின்னற மாதிரியே பின்னி, விரல் நீளத்துக்கு நாப்பது துண்டு. கூடவே தீக்குச்சியில துலா வச்ச கிணறு பதினொண்ணு. அறுபது வயசை நெருங்குற மனுஷன், திராட்சைக் கொடி கவாத்து பண்ற கை. எத்தனை ராத்திரி உட்கார்ந்தாரோ. போன் பண்ணா, "கண்ணாடி மாத்தணும்டா"ன்னு மட்டும் சொன்னார்.

சந்தையெல்லாம் தேடினேன், இணையத்துல புடவை கட்டின கிழவி பொம்மைக்கு டிசைன் கிடைக்கல. மெஷின் கன் பிடிச்ச ஆள் நூறு வகையில இருக்கு. கடைசியில நானே ப்ளெண்டர் கத்துக்கிட்டு ரெண்டு வாரம் மல்லுக்கட்டி ஒண்ணு செஞ்சேன். முதல் பிரிண்ட்ல கரண்ட் போய் இடுப்புக்கு மேல வரல. ரெண்டாவதுல முந்தானை ஒடைஞ்சு போச்சு. மூணாவது உருப்படியா வந்துச்சு, ஒண்ணரை செ.மீ. உசரம், கொஞ்சம் கூன்.

வேலி எல்லாத்தையும் நட்டாச்சு. இப்ப மைதானம் சின்னதாயிடுச்சு, மேஜையில பாதிக்கு மேல வீடும் ஒழுங்கையும்தான். போட்டோ எடுத்து அனுப்பினேன். அதுக்குத்தான் பனைமரம் பத்தலைன்னு அந்த போன். "அங்க எந்தப் பக்கம் பார்த்தாலும் பனைடா, நீ என்ன ஒம்போது வச்சிருக்க?"

"மாமா, அந்தக் கிழவி பொம்மையை எங்க வைக்கட்டும்?"

"நான் அடுத்த வாரம் வாரேன்"னார். விளக்குமாறு வாங்க இன்னிக்கு சாயங்காலம் கடைக்குப் போகணும்.